பதினொன்றாவது வள்ளம்

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில், பையனைப் பற்றி விசாரிக்க அப்பா அவன் ஊருக்கு மாடு வாங்குகிறவராகப் போனார். எங்கள் நாஞ்சில்நாட்டு வீடுகளில் அது வழக்கம். பெண் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர், தான் யாரென்று சொல்லாமல், அந்த ஊர் டீக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துவிட்டு வருவார். பையன் குடிப்பானா, கை நீட்டுவானா என்பதெல்லாம் ஜாதகத்தில் வராது. முடிவெட்டும் கடையில் வரும். அப்பா சாயங்காலம் திரும்பி வந்து, "பையன் தங்கம்" என்றார். பின்னாலேயே ஒரு பசுவும் வந்தது. உண்மையிலேயே வாங்கிவிட்டிருந்தார். வேஷத்தைக் கலைக்க அவருக்கு வழி தெரியவில்லை.

இப்போது என் முறை. எனக்கு எழுபத்திரண்டு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தென்னை, கிணறு, கறவை மாடு, ஓட்டு வீடு என்று எதையாவது எண்ணியே சம்பளம் வாங்கினேன். சம்பளம் நின்றுவிட்டது, எண்ணுவது நிற்கவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து கோவில் மதில்வரை எத்தனை மின்கம்பம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், உமா. முப்பத்து மூன்று வயது. கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்துக் கண்ணாடி அளவு சொல்லும் வேலை. பதினான்கு வரன்கள் வந்து போயின. ஒன்பதை அவள் வேண்டாம் என்றாள். ஐந்து பேர் அவளை வேண்டாம் என்றார்கள். ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் சுதீர். மலையாளி. கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் ஓடும் பயணிகள் படகில் ஸ்ராங்க், அதாவது சுக்கான் பிடித்துப் படகைச் செலுத்துகிறவன். படகு ஊழியர்களுக்குக் கண் சோதிக்க முகாம் போட்டபோது பழக்கம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தானாம்.

"நீங்க வேண்டாம்னா வேண்டாம்ப்பா" என்றாள் உமா. "உங்க மனசுக்கு மீறி நான் தாலி கெட்டிக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் பதினஞ்சாவது ஆளைக் கொண்டாந்து எம் முன்னால உக்கார வைக்கப்பிடாது. போய் ஆளைப் பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் ஒரு புதன்கிழமை காலை நானும் என் மனைவி பகவதியும் ரயில் ஏறினோம். பகவதியிடம் சாப்பாட்டுத் தூக்குவாளி, என்னிடம் ஒரு குடையும் ஏழு கவலைகளும் இருந்தன. உமாவுக்கு நீச்சல் தெரியாது. அவன் வீடு காயல் கரையில். நாங்கள் சைவம், அவர்கள் மீன். மொழி வேறு, ஆட்கள் வேறு. தண்ணீரில் வேலை செய்கிறவனுக்கு என்றைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆறாவது, ஸ்ரீவராகத்தில் என்ன பேசுவார்கள். ஏழாவதை நான் பகவதியிடம்கூடச் சொல்லவில்லை: பெண் வீட்டை விட்டுப் போய்விடுவாள்.

காலை வண்டியில் அலுவலகம் போகும் கூட்டம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எங்களைப் பார்த்ததும் ஓர் இளைஞன் எழுந்து பகவதிக்கு இடம் கொடுத்தான், எனக்குக் கொடுக்கவில்லை. என் தலையில் இன்னும் கறுப்பு முடி மிச்சம் இருப்பதால் வருகிற தொல்லை இது. எதிரில் ஒருவர் போனில் மேலதிகாரியிடம் மலையாளத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார்: "வண்டி இன்னைக்கு நேரத்துக்கே வந்துட்டது சாரே, அதனாலதான் என்னால பிடிக்க முடியாம அடுத்த வண்டியில வர்றேன்." யாரும் சிரிக்கவில்லை. நியாயமான காரணம்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள்.

பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வந்தது. ஆளுக்கு ஒன்று வாங்கினோம். எண்ணெய் சூடு விரலைச் சுட்டது. பகவதி அதைப் பிட்டுக்கொண்டே, உமாவின் சிறுவயதுக் காதணி ஒன்று தொலைந்த கதையை ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டே தண்டவாளத்தோரக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பரவூர் வந்தபோது அவள் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

வண்டிக்கு இரண்டு பக்கமும் தரை இல்லை. தண்ணீர். பாலத்தின் இரும்பு கீழே எங்கோ மறைந்துவிட, ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் தண்ணீரின்மேல் ஓடுகிற மாதிரியே இருந்தது. இடது பக்கம் காயல் முடியும் இடத்தில் ஒரு மணல் கோடு, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு மேல் வெயில். வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக எழுந்து, வண்டியோடு சற்று தூரம் பறந்து, சலித்துப்போய்த் திரும்பின. நாற்பது வருஷமாக இந்த ஊர்ப் பக்கம் இருக்கிறோம். அலுவலக வேலையாக எத்தனையோ தடவை இதே பாலத்தைக் கடந்திருக்கிறேன், மடியில் கணக்குத்தாள் விரித்து வைத்துக்கொண்டு. பாலம் முடிந்ததும்தான் கம்பங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டேன் என்பது தெரிந்தது.

"பாத்தியளா?" என்றாள் பகவதி.

"பாத்தேன்."

"இல்ல, இப்பத்தான் பாத்தியளான்னு கேட்டேன்."

கொல்லத்தில் இறங்கிப் படகுத்துறைக்கு ஆட்டோவில் போனோம். துறைக்கு எதிரில் ஒரு டீக்கடை. புட்டும் கடலைக்கறியும் சொன்னேன். புட்டுக் குழலைத் தட்டியதும் வெள்ளைத் தூண் ஒன்று ஆவி பறக்க இலைமேல் வந்து விழுந்தது. கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். விசாரிக்கத் தோதான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவரே ஆரம்பித்தார்.

"பாண்டியிலேர்ந்தா வர்றீங்க? கோவிலுக்கா?"

பாண்டி என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. நான் தயாராக வைத்திருந்த வேஷத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். "காயல் ஓரமா ஒரு பத்து சென்ட் இடம் கெடைச்சாப் பாக்கலாம்னு."

இது பெரிய தப்பு. மாடு என்று சொல்லியிருக்கலாம். கொல்லத்தில் காயல் ஓரத்து நிலம் என்பது சாதாரணச் சொல் இல்லை போலிருக்கிறது. கடைக்காரர் கடலைக்கறிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். நான் புட்டில் பாதியை முடிப்பதற்குள் ஒரு தரகர் வந்தார். மீதியை முடிப்பதற்குள் இன்னும் இருவர். ஒருவர் கையில் வரைபடம். என் இலைக்குப் பக்கத்திலேயே விரித்தார். அவருடைய காயலில் என் கடலைக்கறி சிந்தியது. அட்வான்ஸ் வேண்டாம், இடத்தை வந்து பார்த்தால் மட்டும் போதும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"உங்க அப்பா பசுவோட வந்தாரு" என்றாள் பகவதி, தமிழில், வரைபடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க பத்து சென்டோட வருவியளோ?"

படகு வந்து காப்பாற்றியது.

நீண்ட, வெள்ளையும் நீலமுமான பழைய படகு. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, மரப் பலகை இருக்கைகள். முதலில் ஆட்களை எண்ணினேன்: ஐம்பத்திரண்டு. பிறகு கூரையில் செருகியிருந்த மிதவைச் சட்டைகளை எண்ணினேன். ஆட்களைவிட அதிகமாகவே இருந்தன. கவலைப்பட வேறு எதையாவது தேட வேண்டியிருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, அவன் முன்னாலேயே நின்றிருந்தான்.

முகப்பில் சின்னக் கூண்டுக்குள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி. உமாவின் போனில் பார்த்த படத்தைவிடக் கறுப்பு. உயரம். காக்கிச் சட்டைக் காலர் வெயிலில் வெளிறியிருந்தது. நானும் பகவதியும் இரண்டாவது வரிசையில், அவன் கன்னம் மட்டும் தெரியும் கோணத்தில் உட்கார்ந்தோம். அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படகில் ஒரு ஏற்பாடு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எஞ்சின் படகின் நடுவில் ஒரு குழிக்குள் இருக்கிறது. அதை இயக்குகிற டிரைவர் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் காயல் அவருக்குத் தெரியாது. ஸ்ராங்க்குக்குக் காயல் தெரியும், எஞ்சின் எட்டாது. இருவருக்கும் நடுவில் ஒரு கயிறும் மணியும். கொல்லம் துறையிலும் அடுத்த இரண்டு துறைகளிலும் எண்ணிப் பார்த்ததில் கணக்குப் பிடிபட்டது. ஒரு அடி: போ. இரண்டு: நிறுத்து. மூன்று: பின்னால் போ. ஒவ்வொரு அடிக்கும் கீழேயிருந்து டிரைவர் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்டுவார். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். பதில் தட்டு வராமல் படகு அசையாது. குழிக்குள் குனிந்து அவரிடம் கேட்டேன். சரிதான் என்றார். தங்கப்பன் என்று பெயர், அறுபதை நெருங்குகிறவர், காதில் பஞ்சு.

"முப்பது வருஷமா இந்தக் காயல்ல ஓடறேன் சாரே. ஓடும்போது காயலைப் பார்த்ததே இல்லை."

"பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? மேல அவன் இருக்கான்."

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. பிடித்தது என்பதே எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு காயல் திறந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துறைகளும் சுவர்களும் விலகி, தண்ணீர் நாலா பக்கமும் ஓடிப் பரவி, தூரத்துத் தென்னைகளின் காலடிவரை போய் நின்றது. அஷ்டமுடி என்றால் எட்டு முடி, எட்டுக் கிளை. எட்டையும் பார்த்துவிடுவது என்று எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது கிளைக்குள் இன்னொன்று பிரிந்தது. ஐந்தாவது என்று நினைத்தது ஒரு தீவின் பின்பக்கம். படகு திரும்ப, கிளைகளெல்லாம் இடம் மாறிக்கொண்டன. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். கரையோரச் சீனவலைகள் பெரிய பூச்சிகளைப்போல் கால் பரப்பி நின்றன. ஒரு செம்பருந்து எங்கள் கூரையைத் தொடுகிற மாதிரி இறங்கித் தண்ணீரைக் கீறிக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் பகவதி என் முழங்கையைப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க! அங்க ஆளு நிக்குது!"

காயலின் நட்டநடுவில், கரை கண்ணுக்குக் கோடாகத் தெரியும் தூரத்தில், மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மார்பளவு தண்ணீரில். சிலர் நடந்தார்கள். பக்கத்தில் அவரவர் வள்ளம், சின்னத் தோணி, ஒரு கழியில் கட்டி மிதந்தது. மூச்சைப் பிடித்து முங்கி, இரண்டு கையிலும் கறுப்பாக எதையோ அள்ளிக்கொண்டு எழுந்தார்கள். சிப்பி எடுக்கிறவர்கள். இந்தக் காயல் நடுவில் இவ்வளவு ஆழம் குறைந்த திட்டு உண்டு என்று பின்னிருக்கைப் பெண் சொன்னாள். தெரிந்த பிறகும் ஆச்சரியம் குறையவில்லை. கடல்போல் விரிந்த ஒன்றின் நடுவில் ஒருவர் நின்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் படகைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அந்த இடத்தைக் கடக்கும்போது சுதீரின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். தனக்குத்தானே பேசுகிறான். எட்டாவது கவலையாகச் சேர்த்துக்கொண்டேன்.

விசாரணையைப் பின்னிருக்கைப் பெண்ணிடமிருந்தே தொடங்கினேன். பெயர் லீலாம்மா. சந்தையில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிறவர். பேச்சை மெதுவாகக் கொண்டுபோகத்தான் நினைத்தேன். பழக்கமில்லாததால் நேரே போய் இடித்துவிட்டது.

"இந்த ஸ்ராங்க் எப்படிப்பட்ட ஆள்?"

"ரொம்ப மோசம் சாரே" என்றார் லீலாம்மா உடனே. "எங்க துறையில நின்னு ஏத்திக்கிட்டுப் போவான், என் மீன்கூடைக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்குவான்."

"குடிப்பாரா?"

"குடிப்பானே. கட்டஞ்சாயா. பாலும் இல்லாம, சக்கரையும் இல்லாம. மனுஷன் குடிப்பானா அதை?"

"சம்பளம் என்ன வரும்?"

லீலாம்மா கூடையைக் கீழே வைத்தார். படகில் பேச்சுச் சத்தம் குறைந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். "நிலம் வாங்க வந்த ஆளுக்கு ஸ்ராங்க்கோட சம்பளம் எதுக்கு சாரே? பத்து சென்டோட அவனையும் சேர்த்து வாங்கப் போறீங்களா?"

ஐம்பது பேரும் சிரித்தார்கள். குழிக்குள்ளிருந்து தங்கப்பன் சிரிக்கும் சத்தமும் கேட்டது. பத்து சென்ட் விஷயம் படகுக்குள் எப்படி வந்ததென்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்தினேன். அப்பா போனது நிலத்தில் இருக்கிற ஊருக்கு. அங்கே டீக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் நடந்து மறைய ஒரு தெரு இருந்தது. காயலில் தெரு இல்லை. தினமும் இதே பலகைகளில் உட்கார்ந்து போகிற மக்கள். படகுதான் அவர்களுடைய டீக்கடை. அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, குடையும் தூக்குவாளியுமாக நான் ரகசியம் விசாரித்திருக்கிறேன்.

கூண்டுக்குள் சுதீரின் காது இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் அவன் திரும்பவில்லை.

கடைசித் துறையில் படகு மதியம்வரை நிற்கும். ஒரு பூவரச மர நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தோம். நான்கு அடுக்கு: புளியோதரை, தயிர்சாதம், மரச்சீனிக்கிழங்கு அப்பளம், நார்த்தங்காய். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்போம். படகின் கயிறு பிடிக்கிற ஊழியர் ஒருவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களோடு வந்தார். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர்.

"ஸ்ராங்க் கொடுக்கச் சொன்னார். சாருக்கு மோர் இல்லாம சாப்பாடு இறங்காதாமே."

பகவதி என்னைப் பார்த்தாள். "போட்டோவில பாத்திருப்பான். துறையிலயே கண்டுபிடிச்சிருப்பான். அச்சகத்துப் பேரை வாசிச்ச கண்ணுல்லா?"

"அப்ப ஏன் வந்து பேசல?"

"நீங்க வேஷம் போட்டுட்டு வந்திருக்கியளே. அதைக் கலைக்க வேண்டாம்னு இருப்பான்."

மோர் நன்றாக இருந்தது. உப்பு சற்றே கூடுதல்.

துறையிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் பிரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு நீல வீடு. அதுதான் அவன் வீடு என்று லீலாம்மா போகிற போக்கில் கையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். தரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள், ஐந்து படி. சுவரில் முழங்கால் உயரத்தில் தண்ணீர் வந்துபோன தடம், கோடு கிழித்த மாதிரி. வேலியேற்றத்தில், அதாவது கடல் ஓதம் ஏறும்போது, காயல் வீட்டுக்குள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோட்டை நேரில் பார்ப்பது வேறு. உமாவின் கட்டிலின் கால்கள் எவ்வளவு உயரம் என்று என் மனம் தானாகவே அளந்தது. வாசலில் ஒரு வயதான அம்மா முறத்தில் எதையோ காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அவரும் பகவதியும் வாய்க்காலுக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கையைத் தூக்கியது யார் என்று தெரியவில்லை. இரண்டு கையும் உயர்ந்தன.

நான் மனதுக்குள் முடிவுக்கு வந்திருந்தேன். வேண்டாம். நல்ல பையன், நல்ல மோர். ஆனால் தண்ணீர் ஏறும் வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப முடியாது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

திரும்பும்போது வானம் கிழக்கே கறுத்திருந்தது. ஐப்பசி மாதத்து மதிய மழை. சிப்பித் திட்டு வந்தது. மீதமிருந்த வள்ளங்களை வழக்கம்போல் எண்ணினேன். வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் நான்கு. கூண்டில் அவன் உதடுகள் மறுபடி அசைந்தன. மழை வந்தது.

வந்தது என்று சொல்வது போதாது. ஒரு வெள்ளைச் சுவர் தண்ணீர்மேல் நடந்து வந்து எங்களை விழுங்கியது. கரை போயிற்று, தென்னை போயிற்று, படகின் மூக்கே போயிற்று. பக்கத் திரைகளை இறக்கினார்கள். அவை எங்கள் முகத்தில் அடித்தன. கூரைமேல் சத்தம் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. நான் பயந்தேன். பயத்துக்கு நடுவில் வாய் பிளந்துகொண்டும் இருந்தேன். இத்தனை தண்ணீர் மேலேயும் இத்தனை தண்ணீர் கீழேயும் இருக்க, நடுவில் ஒரு பலகை கனத்தில் நாங்கள் காய்ந்து உட்கார்ந்திருக்கிறோம்.

மணி இரண்டு அடித்தது. கீழேயிருந்து இரண்டு தட்டு. எஞ்சின் நின்றது.

சுதீர் ஊதுகுழலை நீளமாக ஒருமுறை ஒலித்துவிட்டுக் காத்திருந்தான். மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "ஹோய்!" இன்னொன்று, வேறு திசையில். பிறகு அடுத்தது. வள்ளக்காரர்கள். படகு தெரியாமல் அவர்கள்மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக நிற்கிறான் என்று புரிந்தது. நானும் எண்ணினேன். பத்துக் குரல்கள். அவன் மணிக்கயிற்றைத் தொடவில்லை. மறுபடி ஊதினான். மறுபடி பத்து.

பையை மடியில் வைத்திருந்த ஒருவர் பொறுமையிழந்தார். "சுதீரே, எல்லாரும் பதில் சொல்லியாச்சு. எனக்குக் கொல்லத்துல வண்டி பிடிக்கணும். விடு."

"ஒண்ணு பாக்கி இருக்கு."

"எங்கே பாக்கி? பத்துதான் இருந்தது. நானும் பார்த்தேனே."

"ஆமா, பத்துதான்" என்றது இன்னொரு குரல். அதற்கு ஆதரவாக மூன்று நான்கு பேர். ஒருவன் ஒருபக்கம், படகு முழுக்க ஒருபக்கம். தங்கப்பன் குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்காமல் மணிக்காகக் காத்திருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. தப்பான எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு நான் என்றைக்கும் சும்மா இருந்ததில்லை.

"பதினொண்ணு" என்றேன். சத்தமாக, தமிழில். "நான் எண்ணினேன். வலது பக்கம் ஏழு, இடது பக்கம் நாலு."

அவன் அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். "ஏழும் நாலும்" என்றான். "சரிதான் அப்பா. இடது பக்கம் மூணு பேர்தான் பதில் சொன்னாங்க."

அப்பா என்று சொன்னதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பகவதி கவனித்திருக்கிறாள், பிறகு சொன்னாள்.

எல்லோரும் இடப்பக்கம் காதைக் கொடுத்தோம். ஐம்பது பேர் மூச்சை அடக்கினால் மழைச் சத்தத்துக்குள்ளும் வேறு சத்தம் கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். லீலாம்மா இல்லாத குறைக்கு அவர் வயதுப் பெண் ஒருவர் முதலில் கையைத் தூக்கினார். டொக். கொஞ்சம் விட்டு, டொக். மரத்தில் மரம் தட்டுகிற சத்தம்.

ஊழியர்கள் இருவர் நீளக் கழியால் படகை அங்குலம் அங்குலமாக அந்தப் பக்கம் தள்ளினார்கள். மழைக்குள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கிழவர், என்னைவிட மூத்தவர், மழையும் சிப்பியும் நிறைந்து மூழ்கப்போகும் வள்ளத்தை ஒரு தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கையில் துடுப்பு. அதால்தான் தட்டியிருக்கிறார். கயிறு வீசி வள்ளத்தைக் கட்டி, அவரை மேலே இழுத்து, யாரோ ஒரு துண்டைப் போர்த்தினார்கள். பையோடு இருந்தவர்தான் முதலில் எழுந்து இடம் கொடுத்தார்.

"ஏன் கத்தலே?" என்று கிழவரையே அதட்டினார்.

கிழவர் பல் நடுங்கச் சிரித்தார். "நான் சொல்லாம அவன் போக மாட்டான். அப்புறம் தொண்டையை எதுக்கு வீணாக்கணும்?"

மணி ஒன்று அடித்தது. கீழேயிருந்து ஒரு தட்டு. படகு அசைந்தது. நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து தனக்குத்தானே பேசுகிறான் என்று நான் குற்றம் எழுதிவைத்த அந்த உதடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் எண்ணியதெல்லாம் கம்பம், ஓட்டு வீடு, கிணறு. எண்ணி முடித்தபின் அவை எப்படியிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. இவன் எண்ணுகிறான், பிறகு அந்த எண்ணிக்கை நிறையும்வரை நிற்கிறான். தண்ணீர் ஏறும் வீட்டிலும் இவன் தலைகளை எண்ணிவிட்டுத்தான் படுப்பான்.

மழை வந்த வேகத்தில் போயிற்று. காயல் மறுபடி திறந்தது, இந்த முறை கழுவித் துடைத்து. கிளைகளுக்குள் கிளைகளாக வெயில் ஓடியது. நான் எட்டை எண்ண முயலவில்லை.

கொல்லம் துறையில் சுதீர் கூண்டைவிட்டு இறங்கி வந்து, பகவதிக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டான். கிட்டத்தில் பார்க்க இன்னும் இளமையாக இருந்தான்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்களாமே" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அது கிடக்கட்டும். மோர்ல உப்பு கொஞ்சம் கூடுதல்."

"அம்மாகிட்ட சொல்றேன்" என்றான். அப்போதுதான் சிரித்தான். டீக்கடை வாசலில் மூன்று தரகர்களும் காத்திருந்தார்கள். அவன் அவர்களிடம் போய் ஏதோ சொன்னான், கலைந்து போனார்கள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

நினைத்திருந்த வண்டி போய்விட்டது. அடுத்ததில் இடம் கிடைத்தது. பரவூர்ப் பாலத்தில் சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் கவலைகளை எடுத்துப் பார்த்தேன். எட்டாவது போய்விட்டது. ஐந்தாவதும். மூன்றாவது அவர்கள் வீட்டு அடுப்படி விவகாரம். மற்றவை அப்படியேதான் இருந்தன, ஏழாவது முன்னைவிடக் கனமாக. ஆனால் ஏழாவது என் கவலை, உமாவுடையது இல்லை.

திருவனந்தபுரத்தில், தம்பானூர் ஸ்டேஷனில், உமா பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை. எங்களில் யாரும் போன் செய்திருக்கவில்லை. அவளும் செய்யவில்லை.

"மழையில நனைஞ்சிட்டியளாப்பா?" என்றாள். அதைக் கேட்க அவள் வரவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். தூக்குவாளியை அம்மாவிடமிருந்து வாங்கினாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கிறவள்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

ரயிலில் வரும்போது ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். ஆனால் அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. பக்கத்தில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண். குடையைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் தூணில் ஒரு தட்டுத் தட்டினேன்.

உமா அசையாமல் நின்றாள். அந்தப் படகில் எத்தனை தடவை போயிருக்கிறாளோ, அவள் கண் நிறைந்துவிட்டது.

"வாயைத் தெறந்து சொன்னா என்ன கொறைஞ்சு போவும்?" என்றாள் பகவதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உமா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து குடையை வாங்கி, அதே தூணில் ஒரு தட்டுத் தட்டினாள்.